எலி ஒழிப்புக்கு 18,500 ரூபாய் வாங்கினார்கள், எலி இன்னும் ஓடுகிறது: கட்டடம் வைத்திருப்பவர்கள் கவனம்

வயிறு எரிகிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ராகி மாவு அரைத்து விற்கும் கடை வாடகைக்கு இருக்கிறது. மாடியில் தவழும் குழந்தையோடு ஒரு குடும்பம். சாக்கடையோரம் வளை தோண்டிய பெருச்சாளிகள் ராகி மூட்டைகளைக் கிழிக்கத் தொடங்கின. கடைக்குள் எலி வராமல் பார்ப்பது, உணவுப் பாதுகாப்பு விதிப்படி கடைக்காரரின் பொறுப்பு. சுவர் ஓட்டையும் உடைந்த சாக்கடை மூடியும் உரிமையாளர் தலையில்தான் விழும். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பு உரிமையாளருக்கே நோட்டீஸ் அனுப்பலாம். அதனால் செலவை நானே ஏற்றேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையுறையோடு ஒருவர் வந்தார். சாக்கடை ஓரம் மண்டியிட்டு, டார்ச் அடித்து, ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். "பாருங்கள் அக்கா, மெத்தென்று இருக்கிறது. நேற்று ராத்திரி போட்டது. பழையது என்றால் பொடியாகும்" என்றார். இவ்வளவு தெரிந்தவரை யார் சந்தேகிப்பார்கள்? ஓட்டைகளை அடைத்துத் தருவோம், ஓராண்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் இலவசமாக வருவோம் என்றார். 18,500 ரூபாயை முழுதாக அனுப்பினேன்.

ஒரு ஓட்டையைக்கூட அடைக்கவில்லை. லேபிள் இல்லாத பாலித்தீன் பையிலிருந்து நீல நிற மருந்துக் கட்டிகளை அங்கங்கே வீசிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டி மாடிப்படியில், குழந்தை தவழும் இடத்தில் கிடந்தது! 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தது இவர்களுக்குத் தெரியாதா? அடுத்த வாரம் பொய்க்கூரைக்குள் எலி செத்து நாறியது. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மாவு அளந்தார். உயிரோடு இருந்தவை வழக்கம்போல மூட்டை கிழித்தன.

தொலைபேசியில் கேட்டால், "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார்" என்றார்கள். பிறகு, "செத்த எலியை எடுப்பது எங்கள் சேவையில் வராது" என்றார்கள். ஓட்டை அடைப்பது பற்றிக் கேட்டதும், "அது கொத்தனார் வேலை மேடம்." அக்கா எப்போது மேடம் ஆனேன்? செயலியில் கொடுத்த புகார், யாரும் வராமலேயே "தீர்க்கப்பட்டது" என்று முடிக்கப்பட்டது. 18,500 ரூபாய்க்குக் கிடைத்த ரசீதில் உரிம எண் கூட இல்லை. பூச்சிக்கொல்லி விதிகளின்படி கட்டணம் வாங்கி மருந்து வைப்பவருக்கு உரிமம் கட்டாயம் என்பதை வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தபோது சொன்னார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். எலி மருந்தின் பெயரும் அதற்கான விஷமுறிவு மருந்தின் பெயரும் அச்சிட்ட உறையைப் பார்க்காமல் உள்ளே விடாதீர்கள். ஓட்டை அடைப்பதை எழுத்தில் வாங்குங்கள், அடைத்து முடிக்கும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். நான் செய்துவிட்டேன். 18,500 ரூபாயை விடுவதாக இல்லை. ஓட்டைகளை இப்போது எங்கள் கொத்தனார் சிமெண்ட் பூசி அடைக்கிறார், அந்தக் கூலி தனி.