பால்மானி வாங்கினேன், பால்காரர் தப்பினார்

காலைத் தேத்தண்ணி வெளிறிப் போனதில், பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறாரோ என்று சந்தேகம் வந்து, யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் பால்மானி ஒன்று வாங்கினேன். பாலின் அடர்த்தியை அளக்கிற கருவி. கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக்குண்டு, தலையில் அளவுகோடு. அவ்வளவுதான். பெட்டிக்குள் பஞ்சு வைக்கவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பால் ஊற்றும் உயரமான குவளையும் தரவில்லை. அம்மம்மாவின் பித்தளைச் செம்பு கைகொடுத்தது.

வேலை மட்டும் சுத்தம். தண்ணீரில் விட்டால் பூச்சியக் கோடுவரை தாழ்கிறது. பால் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, அதனால் அதில் மேலே எழும்பி நிற்கிறது. நல்ல பசுப்பாலில் 30 காட்டியது, அதாவது அடர்த்தி தண்ணீரைப்போல் 1.030 மடங்கு. நாலு கப் பாலுக்கு ஒரு கப் தண்ணீர் கலந்து பார்த்தேன்: 24க்கு இறங்கிவிட்டது.

கறந்த சூட்டோடு அளக்காதீர்கள், குறைத்துக் காட்டும். நுரையையும் அடங்க விடுங்கள்.

ஒரு ஓட்டை உண்டு. ஆடையில் இருக்கிற கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. ஆடையை எடுத்தால் எண் ஏறும். பிறகு அளவாகத் தண்ணீர் விட்டால் பழையபடி 30! கடைக்காரர் இதைச் சொல்லவேயில்லை.

எங்கள் பால்காரர் 29. தேத்தண்ணி வெளிறியது தேயிலையால்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.