என்ஜின்எக்ஸ் ரீலோட்: பல வருடம் பாவித்த அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கடைகளின் இணையத்தளங்களுக்கு ஆள் வராத நேரம் என்று ஒன்று கிடையாது. கோடையில் இங்கே நள்ளிரவு என்றால் ரொறன்ரோவில் பிற்பகல் இரண்டரை, லண்டனில் இரவு ஏழரை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கேட்கவே வேண்டாம். அதனால் தளத்தை நிறுத்தாமல் கொன்பிக் (அமைப்புக் கோப்பு) மாற்ற முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். உபுண்டு லினக்ஸில் பல வருடமாக என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சேர்வர் மென்பொருளைப் பாவிக்கிறேன். இந்த விஷயத்தில் அதன்மேல் எனக்கு நிறைய மதிப்பு.

ரீலோட் கொடுத்தால், மற்றவற்றை மேய்க்கும் மாஸ்டர் புரோசஸ் புதிய கொன்பிக்கைப் படிக்கும். சரியென்றால், கோரிக்கைகளுக்குப் பதில் கொடுக்கும் புரோசஸ்களான வேர்க்கர்களைப் புதிதாகத் தொடங்கும். பழைய வேர்க்கர்கள் கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும். ஓடர் போட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிழையென்றால் பழைய கொன்பிக்கிலேயே ஓடும். ரீஸ்டார்ட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை: முதலில் நிறுத்திவிடும், கொன்பிக்கில் பிழை இருந்தால் திரும்ப எழும்பாது.

ஆனால் பழையதிலேயே ஓடும் இந்தக் குணம்தான் ஆளைக் குழப்பவும் செய்யும். எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் வந்து, "அண்ணா, ரெஸ்ட் ஓகே எண்டு சொல்லுது, ரீலோடும் பண்ணிட்டன், சைட்டிலை ஒண்டும் மாறேல்லை" என்றான். பிழைகள் பதிவாகும் எரர் லொக்கைத் திறந்தால் விஷயம் வெளிச்சம். எந்தப் போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) கேட்பது என்று சொல்லும் லிசன் வரியைப் புதிதாகச் சேர்த்திருந்தான், அதில் 8080 போர்ட். அதை ஏற்கெனவே டொம்கற் என்ற இன்னொரு சேர்வர் மென்பொருள் பிடித்து வைத்திருந்தது. கொன்பிக்கில் பிழை உண்டா என்று சோதிக்கும் ரெஸ்ட் (nginx -t) இதைப் பிடிக்காது. போர்ட் பாவனையில் இருந்தாலும் 'சக்சஸ்புல்' என்றே சொல்லும். ரீலோட் கட்டளையும் சத்தமில்லாமல் முடியும். மாஸ்டர் அரை வினாடி இடைவெளியில் ஐந்து தரம் முயன்றுவிட்டு, 'ஸ்டில் குட் நொட் பைண்ட்' (இன்னும் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை) என்று லொக்கில் எழுதிக் கைவிடும். அந்த ஒரு லிசன் வரியால், அதோடு சேர்த்துச் செய்த மற்ற எல்லா மாற்றமும் நடைமுறைக்கு வராது. இவ்வளவு நல்ல மென்பொருளில் எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை இதுதான். அதனால் ரீலோட் பண்ணும்போது பக்கத்து ஜன்னலில் எரர் லொக் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறோம்.

மாற்றம் தெரியாவிட்டால், ஓடும் தளங்களின் கொன்பிக் கோப்புகள் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்ட் போல்டரையும் ஒருதரம் பாருங்கள். அதற்குள் கிடக்கும் எல்லாக் கோப்பையும் என்ஜின்எக்ஸ் வாசிக்கும், எடிற்றர் விட்டுப்போன காப்புப் பிரதியையும் சேர்த்து. அப்புறம் ஒரே தளப் பெயரில் இரண்டு சேர்வர் புளொக் (ஒரு தளத்துக்கான கொன்பிக் பகுதி) வந்து, ஒன்று ஒதுக்கப்படும். ரெஸ்ட் கட்டளையில் சிறிய 't'க்குப் பதிலாகப் பெரிய 'T' போட்டால் உள்ளே இழுக்கப்பட்ட கோப்புகள் உட்பட முழுக் கொன்பிக்கும் திரையில் வரும்.

சரி, அடுத்தது 301 ரீடைரெக்ட், அதாவது ஒரு முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்புவது. அதைப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். நாங்கள் இங்கே திருத்தினாலும் ரொறன்ரோக்காரர் பழைய பக்கத்துக்கே போய்க்கொண்டிருப்பார். முதலில் தற்காலிக ரீடைரெக்டான 302 போட்டு, பிரவுசரை நம்பாமல் கேர்ள் (curl) என்ற கட்டளையில் சேர்வர் அனுப்பும் ஹெடரைப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்தபின் 301க்கு மாற்றலாம்.