சீசனுக்கு முன் ஸ்பீக்கர் சர்வீஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

86,000 ரூபாய். வரவேற்பு மேடைகளுக்கு டிஜே செட் எடுத்துச் சென்று பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு இது சிறிய தொகை அன்று. சென்னையின் மின்னணுச் சந்தை ஒன்றில் இருக்கும் ஆடியோ சர்வீஸ் கடையில் இந்தப் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு, ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்கு ஆடிதான் சீசன். திருமண வரவேற்பை நம்பியிருக்கும் எங்களுக்கோ அது பட்டினி மாதம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் வயர்களைச் சரிபார்ப்பதும், லைட்டுகளைத் திறந்து தூசி தட்டுவதும், பாக்ஸ்களைச் சர்வீஸுக்குக் கொடுப்பதும் அப்போதுதான் நடக்கும். அப்படித்தான் நான்கு 18 இன்ச் பேஸ் ஸ்பீக்கர்களை ரீகோன் செய்யவும், அதாவது கூம்பான கோனையும் அதன் அடியில் கம்பி சுற்றிய சுருளான காயிலையும் (coil) புதிதாக மாற்றவும், மேலே வைக்கும் டாப் பாக்ஸ்களில் கூர்மையான ஒலியைத் தரும் ஹார்ன் யூனிட்டுகளைச் சுத்தம் செய்து வயரிங்கைச் சரிபார்க்கவும், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைச் சர்வீஸ் செய்யவும் அந்தக் கடையில் கொடுத்தேன். ரீகோனுக்கு ஒன்றுக்கு 14,000 வீதம் 56,000, ஆம்ப்புகளுக்கு 18,000, ஹார்ன் வேலைக்கு 12,000, ஆக மொத்தம் 86,000 ரூபாய் என்று கடை முத்திரையிட்ட தாளில் முதலாளியே கைப்பட எழுதிக் கொடுத்தார். முன்பணமாக 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

நம்பிக்கை பிறந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். செட்டை எடுக்கப் போனபோது முதலாளி எனக்கு டீ வரவழைத்தார். ஹோலோகிராம் ஒட்டிய ஒரு காலிப் பெட்டியை எடுத்துக் காட்டி, அதில் வந்த ஒரிஜினல் கிட்டைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு ஸ்பீக்கரை மேசையில் மல்லாக்க வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் கோன்மீது சமமாகப் பதித்து, மெதுவாக அமுக்கி விட்டார். கோன் உரசலின்றி இறங்கி ஏறியது. "நீங்களே கை வெச்சுப் பாருங்கண்ணா, வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். நானும் நான்கையும் அமுக்கிப் பார்த்தேன். மீதி 36,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்குக் கணக்குப் பிள்ளை வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

அமுக்கிப் பார்ப்பதால் காயில் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் காயில் எதில் சுற்றப்பட்டது என்பது தெரியாது. அதை அறிந்த ஒருவர்தான் அந்தச் சோதனையை எனக்கு அவ்வளவு அக்கறையாகச் செய்து காட்டியிருக்கிறார்.

வளசரவாக்கத்தில் ஒரு மண்டபம், சீசனின் முதல் வரவேற்பு. மணமக்கள் மேடையேறிச் சிறிது நேரத்திலேயே பேஸ் அமுங்கியது, வார்னிஷ் கருகும் நாற்றம் எழுந்தது, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரிந்தது. இரவு 10 மணிக்குமேல் அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி ஒலிக்க விடமாட்டார்கள் என்பதால் போன நேரத்தை ஈடுகட்டவும் வழியில்லை. முகூர்த்த நாள் என்பதால் நகரத்தில் வாடகைக்கு ஒரு பேஸ் பாக்ஸ்கூடக் கிடைக்கவில்லை. மணப்பெண்ணின் தந்தை கோபப்படாமல், பேசிய தொகையில் பாதியை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்தோம். சூடு தாங்கும் கண்ணாடியிழை உருளையில் சுற்றியிருக்க வேண்டிய காயில், பழுப்புக் காகிதத்தில் சுற்றப்பட்டு, ஒரு பக்கம் கரியாக உதிர்ந்தது. கருகாமல் மிஞ்சிய இரண்டையும் மல்டிமீட்டரில் வைத்தோம். 8 ஓம் மின்தடை என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் மீட்டரில் ஏறத்தாழ ஐந்தரை, ஆறு ஓம் காட்ட வேண்டும். இவை நான்கு ஓம்கூடக் காட்டவில்லை. இப்படிப்பட்ட இரண்டை இணையாகக் கொடுத்து ஓம் இன்னும் பாதியாகக் குறைந்தால், 4 ஓமுக்குக் குறைந்த சுமையைத் தாங்காத என் ஆம்ப் நிற்காமல் வேறென்ன செய்யும்? அதைவிட வயிற்றெரிச்சல், சுத்தம் செய்ய மட்டுமே கொடுத்த ஹார்ன் யூனிட்டுகளில் இருந்த, அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வுகளான டைட்டானியம் டயாஃப்ரம்களைக் காணவில்லை. அவற்றின் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டயாஃப்ரம்கள் உட்கார்ந்திருந்தன.

கடைக்குப் போனேன். முதலில், நான் வால்யூமை அதிகம் வைத்திருப்பேன் என்றார்கள். அடுத்து, ஜெனரேட்டர் மின்சாரம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார்கள். கருகிய பீஸுக்கு வாரண்டி கிடையாதாம். டயாஃப்ரம் பற்றிக் கேட்டதும், முதலாளி சரக்கெடுக்க டெல்லி போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான்; உள்ளறையிலிருந்து அவருடைய இருமல் சத்தம் எனக்கே கேட்டது. தொலைபேசியில் ஒருமுறை பிடித்தபோது, "நீங்க பிசினஸ் பண்றவரு, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது, போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டார். என் 86,000 ரூபாய்க்கு அவர் சொன்ன கடைசிப் பதில் அதுதான்.

அதுவும் பொய். வாங்கிய பொருளைச் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரை 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகர் என்று ஒதுக்கவில்லை. 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் போகப் போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கொடுக்கும் முன் பாக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரைவரின் (ஸ்பீக்கர் யூனிட்டின்) காந்தத்திலும் டயாஃப்ரத்திலும் அடையாளமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். குப்பையில் போட்டுவிட்டோம் என்றால் சந்தேகப்படுங்கள். மீட்டர் வைத்து, முழுச் சுமையில் ஒரு மணி நேரமாவது கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பில் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலையை ஆடி கடைசிவரை தள்ளாதீர்கள், பழுதானால் மாற்ற அவகாசம் இருக்காது. அடுத்த முகூர்த்தத்துக்குப் பேஸ் பாக்ஸ் வாடகைக்குத் தருவதாகப் பெரம்பூர் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்க்கக் கிளம்புகிறேன்.