6 ஜிகாஹெர்ட்ஸ் எஸ்டிஆர் போர்டு வாங்கப் போகிறவர்களுக்கு: என் 300 டாலர் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற ரேடியோ போர்டின் வடிவமைப்பை நகலெடுத்து விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் 300 டாலர் கட்டி எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டு வாங்கினேன். எனக்கு வேண்டியது 5.8 ஜிகாஹெர்ட்ஸ். அதைச் சொல்லித்தான் விசாரித்தேன். சாட்டில் பேசியவர் விஷயம் தெரிந்தவர்; கெயின், ஆன்டெனா என்று எதைக் கேட்டாலும் உடனே சரியான பதில். "ஒவ்வொரு போர்டையும் 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளந்து பார்த்துத்தான் பேக் செய்கிறோம்" என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்த போர்டு 2.4-ல் நன்றாகவே வேலை செய்தது. 5.8-க்குப் போனால் சிக்னல் படுத்துவிடுகிறது. கேட்டால் "கேபிளை மாற்றுங்கள்" என்றார்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் கூட அந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் சிக்னலைத்தான் தின்னும். என் கேபிள் ஒரு சாண் நீளம். சரி, மாற்றினேன். அப்புறம் "ஆர்பி-எஸ்எம்ஏ மாட்டியிருப்பீர்கள்" என்றார்கள். அது எஸ்எம்ஏ போலவே இருக்கும், நடு ஊசி மட்டும் இடம் மாறிய கனெக்டர்; தவறாக மாட்டினால் ஊசி தொடாது. நடு ஊசி தொடாத இணைப்பில் குறைந்த அதிர்வெண்தான் முதலில் அடிபடும், இங்கே நடப்பது தலைகீழ் என்று விளக்கினேன். அதற்கு "ஃபர்ம்வேர் அப்டேட் செய்யுங்கள்" என்று பதில்.

கடைசியில் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பவரை அளக்கும் கருவி) நேராக மாட்டி அளந்தேன். 2.4-ல் 13 டிபிஎம், 5.8-ல் மைனஸ் 30. டிபிஎம் என்பது பவரின் அளவு; 10 குறைந்தால் பவர் பத்தில் ஒரு பங்காகிவிடும். படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது: "அதிர்வெண் ஏறினால் பவர் குறைவது இயல்பு சார்."

இயல்புதான், யார் இல்லை என்றார்கள்? மூல வடிவமைப்பின் ஆவணத்திலேயே 4 முதல் 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை 0-விலிருந்து மைனஸ் 10 டிபிஎம் வரை இறங்கும் என்று போட்டிருக்கிறது. மைனஸ் 10 வந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். மைனஸ் 30 என்றால் அதிலும் நூறில் ஒரு பங்கு! இதை எப்படி அளந்து பார்த்து பேக் செய்தார்கள்? இதைக் கேட்டதும், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கேபிள், கனெக்டர், ஃபர்ம்வேர் என்று இழுத்தடித்ததே அதற்குத்தான். 300 டாலர் அவர்களிடம், உதவாத போர்டு என்னிடம்.

வாங்குகிறவர்கள் உங்களுக்கு வேண்டிய அதிர்வெண்ணில், அதே சீரியல் எண் போர்டில் எடுத்த அளவீட்டைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள். கையில் வந்ததுமே மேல் அதிர்வெண்ணை அளந்துவிடுங்கள், அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைத்து அனுப்பும் துண்டு) போட்டு. குறைந்தால் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள், அவர்கள் சொல்லும் சோதனையெல்லாம் அப்புறம். கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 300 டாலர் திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.