நீலகிரியா, சேர்வராயனா?

இரண்டு மலைகளுமே பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினப் பாறைதான். ஆனால் நீலகிரியின் செல்வம் தண்ணீர், சேர்வராயனின் செல்வம் கல்.

2,637 மீட்டர் தொட்டபெட்டா இருக்கும் நீலகிரியில், மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. சோலைக்காடும் புல்வெளியும் அதைப் பிடித்துவைத்து மெல்ல விடும். சதுப்பான புல்வெளியில் காலை அழுத்தினால், மழை ஓய்ந்து நாளானாலும் பாதத்தைச் சுற்றி நீர் ஊறும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் மின்சாரம் தருகிறது, குந்தா நீர்மின் திட்டம் பிறகு வந்தது. அந்தப் புல்வெளியில்தான் யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரமும் நட்டார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய தவறு இல்லை.

சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மழை குறைவு, பெரிய அணைக்கு வழியில்லை. ஆனால் உச்சி மேடுகளில் பாறையில் இருந்த மற்றவற்றை மழை கரைத்துவிட, அலுமினியத் தாதுவான பாக்சைட் மிஞ்சியது. சாலை வெட்டிய இடத்தில் பாருங்கள், செங்காவி நிறத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அது போனது. அடிவாரத்தில் சேலத்து மேக்னசைட் என்னும் கனிமம், வெள்ளை வெளேரென்று.

தேயிலைக்கு நீலகிரி. காபியும் மிளகும் என்றால் ஏற்காட்டு நிழல் எனக்குப் போதும்.