ஹியூரன் கரையா, சுப்பீரியர் கரையா: இருவர் மட்டும் போகும் கேம்பர் பயணத்துக்கு எது சரி?

டொரண்டோவிலிருந்து இரண்டு பேர் ஒரு கேம்பர் வேனில் கிளம்பி, ஏரிக்கரைப் பூங்காக்களில் தங்கி, வழியில் வரும் சின்ன ஊர்களில் இறங்கி நடந்து, அவசரமே இல்லாமல் சுற்றிவர ஒன்டாரியோவில் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, ஹியூரன் ஏரியை ஒட்டி 21ஆம் நெடுஞ்சாலையில் கிராண்ட் பெண்டிலிருந்து சவுத்ஹாம்ப்டன் வரை. மற்றது, சுப்பீரியர் ஏரியை ஒட்டி 17ஆம் நெடுஞ்சாலையில் சூ சென்ட் மெரியிலிருந்து டெரஸ் பே வரை. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு கரையிலும் தங்கியிருக்கிறோம். ஹியூரன்தான் ஆற அமரப் போகிற பயணம், சுப்பீரியர் என்றால் ஓட்டி ஓட்டியே களைத்துப்போவீர்கள் என்று பலரும் சொல்வார்கள். எங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறு.

முதலில் தூரம். கிராண்ட் பெண்டுக்கு டொரண்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். சூ சென்ட் மெரிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர், அதை ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவில் ஒரு இரவு தங்கிப் போவதுதான் உடம்புக்கு நல்லது. ஆகவே கையில் ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் யோசிக்க வேண்டாம், ஹியூரன்.

ஊர்கள் என்று பார்த்தால் ஹியூரன் கரையை எதுவும் நெருங்க முடியாது. கோட்ரிச் ஒன்றுக்காகவே போகலாம்: ஊரின் நடுவே எண்கோண வடிவில் ஒரு சதுக்கம், அதன் மையத்தில் நீதிமன்றம், சுற்றிலும் கடைகள். 2011 ஆகஸ்டில் அடித்த சூறாவளி இந்தச் சதுக்கத்தையே சிதைத்துப்போட்டது, பெரிய மரங்களெல்லாம் போயின, ஊர்க்காரர்கள் திரும்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். 1866இல் எண்ணெய் தேடித் துளைபோட்டபோது இங்கே உப்பு கிடைத்தது, இன்று அந்த ஏரிக்கு அடியில் ஓடுவது உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். அங்கிருந்து வடக்கே கின்கார்டினில் கோடைச் சனிக்கிழமை மாலைகளில் ஸ்காட்டிஷ் பைப் பாண்டு பிரதான வீதியில் வாசித்துக்கொண்டு போக, ஊரே பின்னால் நடக்கும், வந்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம். பேஃபீல்ட், சவுத்ஹாம்ப்டன் எல்லாம் காலாற நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர்கள். பால், காய்கறி, பெட்ரோல் எதற்கும் கவலையே இல்லை.

சுப்பீரியர் பக்கம் ஊர்கள் கம்மி, அவையும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வாவாவில் சாலையோரம் அந்தப் பெரிய வாத்துச் சிலை. 1960இல் நெடுஞ்சாலை முழுமையடைந்தபோது பயணிகளை ஊருக்குள் இழுப்பதற்காக முதலில் வைத்தார்கள், இப்போது நிற்பது 2017இல் வைத்தது. அதைத் தாண்டினால் ஒயிட் ரிவருக்கு 90 கிலோமீட்டர், அங்கிருந்து மாரத்தானுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே, நடுவில் காடும் பாறையும் ஏரிகளும்தான். போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. டாங்க் பாதி ஆனதுமே நிரப்பிவிட வேண்டும், பொழுது சாயும் நேரத்தில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும் என்பதால் நான்கு மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம்.

இப்போது பூங்காக்களுக்கு வருகிறேன், என் மனம் மாறியது இங்கேதான். ஹியூரன் கரையில் கிராண்ட் பெண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பைனரி அழகான பூங்கா, மறுக்கவில்லை. 10 கிலோமீட்டர் மணற்கரை, மணல்மேடுகள், ஓக் மரங்கள், ஆகஸ்டில் பயமில்லாமல் இறங்கிக் குளிக்கக்கூடிய தண்ணீர். வேனை நிறுத்தித் தங்க மின்சாரம் உள்ள தளம் எடுத்தால் ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கடற்கரைக்குப் போவது மாதிரி போகலாம். ஆனால் அங்கே சுமார் ஆயிரம் தளங்கள், கோடை வார இறுதியில் எல்லாமே நிரம்பிவிடும். ஒன்டாரியோ பூங்காக்களில் ஐந்து மாதம் முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம், பைனரிக்கு அந்த முதல் நாள் காலை ஏழு மணிக்கே உட்கார வேண்டியிருக்கிறது. அதாவது ஆகஸ்டில் எந்த இரவு எந்தப் பூங்காவில் என்று மார்ச்சிலேயே முடிவாகிவிடுகிறது. மழை பெய்தாலும், ஒரு ஊர் பிடித்துப்போய் இன்னும் ஒரு நாள் இருக்கலாமே என்று தோன்றினாலும் நகர முடியாது, மதியம் இரண்டு மணிக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற எண்ணத்தோடேயே டீ குடிப்போம். ஓட்டும் தூரம் குறைவுதான், நாள்தான் இறுக்கமாகிவிடுகிறது. கூட்டம் வேண்டாதவர்கள் போர்ட் எல்ஜினுக்குப் பக்கத்தில் உள்ள மக்ரெகர் பாயின்டைப் பார்க்கலாம், பைனரியைவிட அமைதி.

சுப்பீரியர் கரையில், அதுவும் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறை முடிந்தபின் வார நாட்களில், ஒரு இரவை இரண்டாக்குவது பெரிய காரியமே இல்லை. சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகாவா பே முகாமில் வண்டிக் கதவைத் திறந்தால் எதிரே ஏரி. நெடுஞ்சாலை லாரிச் சத்தம் பின்னால் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலைச்சத்தம் அதை அமுக்கிவிடும். பக்கத்திலேயே அகாவா பாறையில் ஒஜிப்வே பழங்குடி மக்கள் செங்காவியில் தீட்டிய ஓவியங்கள், அவர்கள் கதைகளில் நீரில் வாழும் கொம்புள்ள சிறுத்தையான மிஷிபெஷு உட்பட. தண்ணீரை ஒட்டிய சரிவான பாறை விளிம்பில் நடந்துதான் பார்க்க முடியும், அலை அடித்தால் இறங்கவே கூடாது. காலையில் போய்ப் பார்த்து, அலை இருந்தால் திரும்பி வந்து சமைத்துச் சாப்பிட்டு நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிடுவது, நான் தேடிப் போகிற பயணம் இதுதான். மாரத்தானைத் தாண்டி நீஸ் பூங்கா, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கைதிகளை வைத்திருந்த முகாம் இருந்த இடம், இப்போது கரையெங்கும் ஒதுங்கிய மரக்கட்டைகளும் அமைதியும்தான்.

குளிக்கிற ஆசைக்கு மட்டும் சுப்பீரியர் சரிவராது. 406 மீட்டர் வரை ஆழம் போகிற ஏரி, கோடையிலும் விறைக்கும். ஆழமில்லாத கேத்தரின் கோவ் மாதிரியான இடங்களில் ஆகஸ்ட் கடைசியில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். கரடி உண்டு, மீன் பொரித்த சட்டியைக்கூட வெளியில் வைக்காதீர்கள். ஜூனில் போனால் கறுப்பு ஈ பிடுங்கி எடுத்துவிடும்.

சரி, எங்கள் முடிவு: இரண்டு வாரம் கிடைத்தால் சுப்பீரியர், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஒரு வாரம் என்றால் ஹியூரன், பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஜூன் வார நாட்களில். மூன்று வாரம் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்: சவுத்ஹாம்ப்டனிலிருந்து டோபர்மோரிக்குப் போய், சீ-சீமான் கப்பலில் வேனை ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் மானிடூலின் தீவு, அங்கிருந்து எஸ்பானோலா வழியாக 17ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் சூ சென்ட் மெரி. வண்டியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும், அதனால் பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்து அளந்துகொண்டு கப்பலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.