தென்னைக்கு ஊசி போடுவதாகச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களை நம்ப வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஊர்களில், தென்னைக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு சரக்கு வண்டியில் வீடு வீடாக வருகிறவர்களைத் தோட்டத்துக்குள் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் தங்கியிருக்கும் பெரிய வீடுகள் எவை என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தபோது அப்பத்தா மட்டுமே இருந்தார்கள்.

கிணற்றடியை ஒட்டி நிற்கும் ஆறு தென்னைகளிலும் அடிமட்டைகளின் மேற்புறம் கரியைப் பூசியதுபோல் கறுத்திருந்தது உண்மைதான். வந்தவர் பின்வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆச்சி, இது தஞ்சாவூர் வாடல் நோய், இப்படியே விட்டால் தை பிறப்பதற்குள் எல்லா மரமும் பட்டுப்போகும்” என்று பயமுறுத்தியிருக்கிறார். மரத்துக்கு ரூ.1,500 என்று பேசி, இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு மரத்திலும் டிரில்லிங் மெஷினால் பல இடங்களில் துளையிட்டு, லேபிள் கிழிக்கப்பட்ட பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றி, களிமண்ணை அப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ரசீது தரவில்லை. என்ன மருந்து என்று அப்பத்தா கேட்டதற்கு, சொன்னாலும் உங்களுக்குப் புரியாது என்பதுதான் பதில். எழுதிக் கொடுத்த கைபேசி எண்ணை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

அவர் சொன்ன நோய் பொய்யான நோய் அன்று. அதனால்தான் அந்தப் பெயர் கேட்பவரை மிரட்டுகிறது. 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்ற அந்நோயை உண்டாக்குவது வேரைத் தாக்கும் கேனோடெர்மா என்னும் பூஞ்சை. அது வந்த மரத்தின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும், அடிமட்டைகள் காய்ந்து தொங்கும், நோய் முற்றினால் அடிமரத்தில் காளான் முளைக்கும். எங்கள் மரங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு மட்டையைத் தாழ இழுத்து ஓலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்திருந்தாலே, வெண்மையான மெழுகுப் பூச்சுடன் சுருள்சுருளாக இடப்பட்ட முட்டைகளும் கூட்டமாக ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்களும் கண்ணில் பட்டிருக்கும்.

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டுப் பிறகு மாநிலமெங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈதான் அது. ஓலையின் சாற்றை உறிஞ்சும் இந்த ஈ கழிக்கும் இனிப்பான கசிவு கீழ்மட்டைகளின்மேல் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இந்தப் பூசணம் ஓலைக்குள் நுழைவதில்லை. வெயில் படாமல் மறைப்பதே அது செய்யும் கேடு. நான் ஊர் வந்த பிறகு ஆலோசனை கேட்டு, ஓலையின் அடிப்புறத்தில் படும்படி மோட்டார்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையைக் கறுத்த ஓலைகளில் தெளித்தபோது, அது காய்ந்து உரிகையில் பூசணமும் சேர்ந்து உரிந்து விழுந்தது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களையும் மரங்களுக்கிடையே கட்டினோம். இந்த ஈயை அழிக்க என்கார்சியா என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி இயற்கையாகவே பெருகுகிறது. கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் என்பதால், இரசாயனத்தைத் தவிர்க்கும்படியே வேளாண் துறையினர் வற்புறுத்துகிறார்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அந்தத் துளைகள்தான். மாவும் வேம்பும் காயம்பட்டால் புதுப் பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும்; தென்னைக்கு அந்தத் திறன் இல்லை, தண்டில் விழுந்த காயம் மரம் உள்ளவரை அப்படியே நிற்கும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இத்தகைய காயத்தைத்தான். சில மாதங்களில் ஒரு மரத்தின் துளைகளிலிருந்து பழுப்புச் சாறும் மென்று தள்ளிய நாரும் வெளிவந்தன. தண்டில் காதை வைத்தால் உள்ளே புழுக்கள் கடிக்கும் ஓசையே கேட்டது. குருத்து சாய்ந்த பிறகு, ஐயா காலத்தில் வைத்த அந்த மரத்தை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று.

ஊற்றியது என்னவென்று தெரியாததும் சிறிய விஷயமன்று. முன்பெல்லாம் தென்னைக்கு வேர் வழியாகச் செலுத்தப்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ், டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட கடும் நஞ்சு. செலுத்திய பின் 45 நாள்களுக்குக் காய் பறிக்கக் கூடாது என்று அப்போதே விதி இருந்தது. அதன் 36 சதவீதக் கரைசலுக்கு 2023இல் மத்திய அரசு தடை விதித்துவிட்டது. வந்தவர்கள் காய் பறிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததால், மறுவாரமே பறித்த காய்கள் எங்கள் அடுப்படிக்குப் போயின. வயதான ஒருவரை இவ்வளவு அலட்சியமாக ஆபத்தில் தள்ளியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்து விற்பவருக்கு உரிமம் வேண்டும். டப்பாவில் மருந்தின் பெயரும் நச்சுமுறிவும் அச்சிட்டிருக்க வேண்டும். இவற்றைக் காட்ட மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கறுத்த ஓலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போகலாம். போக முடியாத முதியவர்கள் 1800-180-1551 என்னும் கிசான் கால் சென்டர் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். ஏற்கெனவே துளையிடப்பட்ட மரம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தத் துளைகளைத் தாரோ சிமெண்டோ கொண்டு உடனே அடைத்துவிடுங்கள். ஊற்றியது எதுவென்று தெரியாதவரை அந்த மரத்தின் இளநீரையும் காயையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.